ஓடாத காரை வாங்கியவள்

மலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் அந்தக் காரை வாங்கினேன். அப்போது நான் மிகவும் களைத்துப் போயிருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நான் செய்தது எதுவும் புரியாது.

கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். பள்ளி கரியாலூரைத் தாண்டி இருந்தது. காலைப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. பேருந்து ஏறினாலும் நிச்சயமில்லை. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஏதாவது ஒரு வளைவில் நின்றுவிடும். அப்புறம் மரவள்ளி ஏற்ற வரும் லாரியையோ, ரேஷன் மூட்டை கொண்டுபோகும் வண்டியையோ கைகாட்டி நிறுத்தி, "அண்ணா, கொஞ்சம் ஏத்திக்கிறீங்களா?" என்று கேட்க வேண்டும். எனக்குப் பிடிக்காதது அந்தக் கேள்விதான். முட்டி வலி, தூக்கமின்மை, மூடுபனியில் நனைந்த புடவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். கேட்பதை மட்டும் பொறுக்க முடியவில்லை.

கீழே மாற்றல் வாங்கிக்கொள்ள வழி சொன்னார்கள். இன்னாரைப் போய்ப் பார், மாலை எடுத்துக்கொண்டு போ என்றார்கள். நான் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால்வைத்த முதல் ஆள் நான். யாரையும் கேட்டு வாங்கிய ஒரு மதிப்பெண்கூட என் சான்றிதழில் கிடையாது. ஒருநாள் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன், இனி யார் வண்டியிலும் ஏற மாட்டேன், என் வண்டியில்தான் இந்த மலையில் ஏறுவேன் என்று. ஸ்கூட்டர் வாங்குவதாகத்தான் நினைத்திருந்தேன். காசும் அதற்குத்தான் சேர்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சொந்த ஊரில் பண்ணை வீட்டுப் பொருட்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம் அது. அம்மா வாழ்நாளெல்லாம் அந்தப் பண்ணையின் கரும்பில்தான் கூலி வேலை செய்தாள். அந்த வீட்டில் ஒரு சிவப்புக் கார் இருந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேற்கூரையை மடக்கிவிடக்கூடிய வெளிநாட்டுக் கார். மூத்த மகன் படிக்கும் காலத்தில் வாங்கியதாம். நான் பார்த்த நாள் முதல் அது ஓடியதில்லை. வருடம் முழுவதும் வெள்ளைத் துணி போர்த்திக் கிடக்கும். ஆயுத பூஜையன்று மட்டும் துணியை எடுத்துத் துடைத்து, ஏர்க்கலப்பை, கடப்பாரை, கரும்பு வெட்டும் கத்தி இவற்றோடு அதற்கும் சந்தனம் வைப்பார்கள். கூலிக்காரர்களின் பிள்ளைகள் பொரியும் சுண்டலும் வாங்க அன்று முற்றம் வரை வரலாம். பொரியை முந்தானையில் வாங்கிக்கொண்டு அம்மா கிளம்பச் சொல்வாள். நான் அந்தக் காரின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

பழைய இரும்புக்காரன் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறான் என்று தெரிந்ததும் நான் போனேன். வீட்டில் பண்ணைக்காரரின் மனைவி பெரியம்மாள் மட்டும்தான் இருந்தார். பிள்ளைகள் எங்கெங்கோ இருந்தார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கரும்பு வெட்ட வருவாளே, நெட்டையா ஒருத்தி. அவ மவளா நீ?"

ஆமாம் என்றேன். எங்கள் ஆட்கள் அவரைக் கூப்பிடும் வார்த்தை என் வாயில் வரவில்லை. "அம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் அதைக் கவனித்தார். பிறகு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

எஞ்சின் இறுகிப் போய்விட்டது, ஓடாது என்று அவரே சொன்னார். ஏமாற்றவில்லை. நான்தான் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கும் துரு இல்லை. இருக்கையின் தோலில் ஒரு வெடிப்பு இல்லை. கதவு பெட்டியை மூடுவதுபோல மெதுவாக மூடியது. ஓடிய தூரம் காட்டும் மீட்டரைக் குனிந்து பார்த்தேன். எண்கள் கிட்டத்தட்ட முழுச் சுற்றையும் முடித்திருந்தன. இந்த வண்டி எங்கெல்லாம் போயிருக்கும் என்று நினைத்தேன். சென்னை, பெங்களூர், ஏதோ ஒரு கடற்கரைச் சாலை. எங்கள் வீட்டில் யாரும் திருவண்ணாமலையைத் தாண்டியதில்லை. ஸ்கூட்டருக்குச் சேர்த்ததைக் கொடுத்துவிட்டு வந்தேன். எஞ்சினைச் சரிசெய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆலையில் கரும்பு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் டிராக்டருக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தோம். ஸ்டீயரிங் பிடித்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். டிரெய்லரிலிருந்து கரும்புச் சோகை பறந்து என் மடியில் விழுந்துகொண்டே இருந்தது. சங்கராபுரம் கடைத்தெருவில் டிராக்டர் நின்றபோது டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, மாப்புள ஊர்கோலத்துக்கு ஓட்டிக்கினு போறியா? மாப்புளய காணோமே."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு மறுபடி இறுகும்வரை அப்படியே இருந்தேன்.

அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் அவள் காரைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சுற்றி வந்தாள். பின் சக்கரத்தருகே குனிந்தாள்.

"இது தண்ணி எறச்ச வண்டிதான?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னாள். நான் கைக்குழந்தையாக இருந்த வருடம் மழை பொய்த்துவிட்டதாம். கரும்பு முற்றி, ஆலையிலிருந்து வெட்ட உத்தரவு வராமல் நின்றிருக்கிறது. கரண்டு இல்லை. பண்ணையின் ஆயில் எஞ்சினும் உடைந்துவிட்டது. வாடகைக்கு எஞ்சின் கிடைக்கவில்லை, எல்லோர் கிணற்றிலும் அதே கதை. அப்போது யாருக்கோ இந்த யோசனை வந்திருக்கிறது. காரைக் கிணற்றோரக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போய், பின்பக்கத்தைக் கருங்கல்லில் தூக்கி வைத்து, ஒரு சக்கரத்தைக் கழற்றி அந்த இடத்தில் பட்டை ஓடும் உருளையை மாட்டிவிட்டார்கள். இன்னொரு சக்கரம் சுற்றாமல் கட்டை கொடுத்தார்கள். பட்டை பம்பைச் சுற்றியது. கரும்பு பிழைத்தது.

"பெட்ரோல் ஊத்தி கிளப்புவாங்க, சூடேறிச்சுன்னா மண்ணெண்ணைக்கு மாத்திக்குவாங்க. ஆயில் எஞ்சினுக்குப் பண்றாப்பலயே. மேல ஒரு கீறல் படக்கூடாதுன்னு ஆண்டை வூட்டம்மா போர்வை போத்தி வெச்சாங்க. நான்தான் மடை திருப்புனேன். நீ கொட்டாய் ஓரமா தூளியில கெடப்ப."

பம்புசெட்டில் எல்லோரும் செய்வதுதான் அது. பம்புசெட்டின் எஞ்சின் அதைத் தாங்கும். இது தாங்காது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்திருக்கும். ஓடாமல் நிற்கும் வண்டிக்கு எதிர்க்காற்றும் கிடையாது. போர்வை வேறு. எஞ்சின் இறுகிப் போனது அதில்தான். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் நான். கரும்பலகையில் படம் போட்டு விளக்க முடியும். அம்மா சொல்லி முடித்ததும் நான் எழுந்துபோய் மறுபடி அந்த மீட்டரைப் பார்த்தேன். சென்னையும் இல்லை, கடற்கரையும் இல்லை. அவ்வளவு தூரமும் ஒரே கொட்டகையில் நின்றபடி ஓடிய தூரம். ஏனோ அழுகை வரவில்லை. அன்று இரவு சீக்கிரம் படுத்துவிட்டேன், காலையில் பேருந்து இருந்தது.

மெக்கானிக் பாயின் பட்டறை சேலம் சாலையில் இருந்தது. கார் அங்கே போனது. அதன்பின் மாதங்கள் போயின. சனிக்கிழமைதோறும் போவேன். ஒரு வாரம் கோயம்புத்தூரில் சாமான் கேட்டிருப்பதாகச் சொல்வார். அடுத்த வாரம் லேத்துக்காரர் ஊரில் இல்லை என்பார். பிறகு நோன்பு வந்தது. பிறகு அவர் மகளின் கல்யாணம். பட்டறையில் கோழிகள் இருக்கையின் மேல் ஏறாமல் இருக்க ஒரு தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தேன். பள்ளியில் யாராவது, "டீச்சர், வண்டி எப்ப மலை ஏறுது?" என்று கேட்பார்கள். முதலில் பதில் சொன்னேன். பிறகு சிரித்தேன். பிறகு அதுவும் இல்லை.

கடைசியில் பாய் உண்மையைச் சொன்னார்.

"இந்த எஞ்சின் ஆவாது டீச்சர். ஜீப் எஞ்சின் ஒண்ணு கீது, போட்டுத் தர்றேன். ஆனா அது ஒசரம் ஜாஸ்தி. பானட்டுல ஒரு ஓட்டை வெட்டணும். மூடாது."

அன்று அவர் பட்டறைக்குப் புதுச்சேரியிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார். பழைய கார்களை வாங்கிச் சேர்ப்பவர். நல்ல மனிதர்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்தார். ஒவ்வொரு விசையையும் விரல் நுனியால் தொட்டார். யாருடைய வண்டி என்று கேட்டார். என்னுடையது என்றேன்.

"அது இல்ல மேடம். முன்னாடி யார்து? உங்க தாத்தாவோடதா?"

"எங்கம்மா இந்த வண்டியில வேலை செஞ்சாங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. தான் இதை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவர் சொன்ன விலையில் நல்ல ஸ்கூட்டர் ஒன்று வாங்கி மிச்சமும் இருந்திருக்கும். வெட்டுவதைப் பற்றிப் பாய் வாயெடுத்ததும் அவர் முகம் மாறியது.

"வெட்டினா இது அப்புறம் காரே இல்ல மேடம். ஓடலன்னா என்ன, அப்படியே நிக்கட்டும். நிக்கறதே ஒரு அழகுதானே."

அது நிற்பதை நான் நிறையப் பார்த்தாயிற்று. ஆனாலும் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கிக்கொள் என்றுதான் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"உனுக்கு இன்னா வோணும், பாக்கறதுக்கா, போறதுக்கா?" என்றாள். "போறதுக்குன்னா வெட்டச் சொல்லு."

மறுநாள் பாயிடம் வெட்டச் சொன்னேன். வெட்டும்போது நான் அங்கே இருக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது சிவப்புத் தகட்டின் நடுவில் எஞ்சினின் தலை கறுப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய விளிம்பில் கை கிழியாமல் இருக்க ரப்பர் பட்டை ஒட்டியிருந்தார். முத்துச்சோளக் கொல்லையில் நிற்கும் பொம்மைக்குச் சட்டை போட்டதுபோல இருந்தது. சாவியைத் திருகியதும் கிளம்பிவிட்டது. அந்தச் சத்தம் காரின் சத்தம் இல்லை, ஜீப்பின் சத்தம்.

முதல் முறை மலை ஏறிய நாள் திங்கட்கிழமை. கச்சிராயபாளையம் வரை ஒன்றுமில்லை. ஏற்றம் தொடங்கி நாலைந்து வளைவு தாண்டியதும் வெப்பமானி முள் சிவப்புக்குப் போனது. ஓரமாக நிறுத்தினேன். பானட்டு ஓட்டையிலிருந்து ஆவி எழுந்தது. என் பேருந்து பின்னால் ஏறி வந்தது. நடத்துநர் என்னைத் தெரிந்தவர்தான். வண்டியை மெதுவாக்கச் சொல்லிப் படியில் நின்றபடி, ஏறிக்கொள்ளச் சொன்னார். ஜன்னல்களில் எங்கள் பள்ளி ஆசிரியர்களின் முகங்கள் தெரிந்தன. வேண்டாம் என்று கையாட்டினேன். பேருந்து போய்விட்டது. சாலை மிகவும் அமைதியாகிவிட்டது. கொண்டுவந்த இரண்டு பாட்டில் தண்ணீரையும் பேருந்து வரும் முன்பே ரேடியேட்டரில் ஊற்றித் தீர்த்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மேலே பாறைக் கசிவில் குடம் பிடித்துக்கொண்டு ஒரு மலைக்காரப் பெண் சாலைக்கு இறங்கி வந்தாள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. என் வயதுதான் இருக்கும். மலையில் எல்லோரையும் நீ என்றுதான் பேசுவார்கள், கலெக்டராக இருந்தாலும். வேலைக்கு வந்த புதிதில் அது எனக்குச் சுருக்கென்றிருக்கும். இவ்வளவு படித்து வந்தது இதற்கா என்று தோன்றும். அவள் நின்று காரைப் பார்த்தாள். நானாக எதுவும் கேட்கவில்லை. அவளும் தருகிறேன் என்று சொல்லவில்லை. இடுப்புக் குடத்தில் தண்ணீர் விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. அவள் மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

"அக்கா" என்று கூப்பிட்டேன். "கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?"

அவள் திரும்பி வந்தாள். எவ்வளவு வேணும் என்று கேட்கவில்லை. நான் ஈரத் துணியால் மூடியைத் திறந்து ஒதுங்க, இடுப்புக் குடத்தைச் சாய்த்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். ரேடியேட்டரிலிருந்து வழிந்து அவள் பாதத்தில் பட்டதும் நிறுத்தினாள்.

"நீ மேலயா போற?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் வீடு மேலே, இன்னும் சில வளைவு தாண்டி. குடம் நிரப்ப மறுபடி ஊற்றுக்கு ஏறினாள். நான் காத்திருந்தேன். வந்து கதவைத் தானே திறந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒரு குடத்தை மடியிலும் ஒன்றைக் காலிடுக்கிலும் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் அலம்பி இருக்கையின் தோலில் சிந்தியது. துடைக்க ஒரு கை தேவைப்பட்டது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது பாடவேளை நடந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் எனக்கு அரை நாள் விடுப்பு குறித்து வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன்.