கடற்பக்கக் கோலில் ஒரு தேசிக்காய்

மூன்று நாளாக என் மேசையில் ஒரு தேசிக்காய் கிடக்கிறது. கறிக்குப் புளி பிழிய வாங்கிய எலுமிச்சையல்ல. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கழகத்தின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி தொடங்கியபோது, ஒலிவாங்கியைப் பிடித்திருந்த இளம் செயலாளர் என்னை மைதானத்துக்குள் அழைத்து, எல்லோரும் பார்க்க என் கையில் வைத்தது. இந்த வருடப் போட்டி என் மாமியின், அதாவது என் மனைவியைப் பெற்றவரின், நினைவாக நடக்கிறது. "இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும் என்டு தெரியாம, கோல் கம்பத்தடியில தேசிக்காய் தாட்ட நம்மட மாமி" என்று செயலாளர் சொன்னதும் மைதானம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். "ஆட்டம் விளங்காட்டியும் கழகத்தில அவ்வளவு அன்பு வச்ச மனிசி" என்று அவர் முடித்தார். அதற்குக் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. கையில் தேசிக்காய் இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

செயலாளரில் குறை சொல்ல முடியாது. மாமி தேசிக்காய் தாட்ட அந்த இறுதிப்போட்டி நடந்தபோது அவருக்குப் பத்து வயதுகூட இராது. ஊர் சொன்னதை அவர் சொன்னார். ஊர் சொன்னதைப் பதினான்கு வருடமாகத் திருத்தாமல் விட்டவன் நான்தான். மாமியிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன், அதனால் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மாமிக்கு ஆட்டம் விளங்காது என்று ஒலிபெருக்கியில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பது வேறு விஷயம். அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவன். பெண் எடுத்தது கல்லடியில். எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண்வீட்டுக்குப் போவான், போனவன் அந்த ஊர்க்காரன் ஆகிவிடுவான். யுத்தம் முடிந்து மைதானங்கள் மறுபடி பந்தைக் கண்ட காலம் அது. எங்கள் துறையில் வாவிக்குக் குறுக்கே அப்போது பாலம் வரவில்லை. ஆளையும் வாகனத்தையும் ஏற்றி இழுக்கும் மிதவையைப் 'பாதை' என்போம். என் மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி இக்கரை வந்து, பெண்வீட்டு வளவுக்குள் முதன்முதல் நுழைந்தபோது கண்ணில் பட்டது கொடியில் வரிசையாகக் காய்ந்த பதினொரு நீலச் சட்டைகள். இந்த வீட்டில் இத்தனை ஆண்களா என்று ஒருமுறை திடுக்கிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவை ஊர்க் கழகத்தின் சட்டைகள் என்றும், போட்டி முடிந்த மறுநாள் அவை மூட்டையாக மாமியிடம் வரும் என்றும், அந்த மூட்டையை வேறு யாரும் தொட முடியாது என்றும்.

சட்டை தோய்ப்பது மாமிக்கு வேலை அல்ல. ஆட்டத்தை இரண்டாம் தரம் பார்ப்பது. கிணற்றடியில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். நாலாம் இலக்கச் சட்டையின் முதுகில் மண் ஒட்டியிருந்தால், "இவனத் தள்ளி விழுத்தியிருக்கானுகள், மத்தியஸ்தர் பாக்கல்ல" என்பார். ஏழாம் இலக்கச் சட்டையை மூக்கருகில் கொண்டுபோய், "வேர்வையே இல்ல. முழு ஆட்டமும் நிழல் தேடித்தான் நின்டிரிக்கான்" என்று வாளிக்குள் எறிவார். ஏழாம் இலக்கக்காரன் ஊரில் பெரிய ஆட்டக்காரன், பெண்பிள்ளைகள் பார்க்க வருவது அவனைத்தான். மாமியின் வீட்டு வாசலில் மட்டும் அவன் தலையைக் குனிந்துகொண்டுதான் போவான். போட்டி நாளில் மத்தியானமே சமையல் முடிந்துவிடும். கறுப்புக் குடையும் ஒரு சாக்குமாக மாமி போய்க் கடற்பக்கக் கோலுக்குப் பின்னால் இருப்பார். அந்தப் பக்கம் பின்நேர வெயில் முகத்தில் அடிக்கும் என்று வேறு யாரும் அங்கே இருக்கமாட்டார்கள். கூட்டமெல்லாம் பக்கக் கோட்டு ஓரமாகவே நிற்கும்.

இப்படிப்பட்டவர் என்னோடு ஒரு சொல் பேசமாட்டார். கோபம் ஒன்றுமில்லை, முறை அது. பழைய ஆட்கள் மருமகனோடு நேருக்கு நேர் கதைக்கமாட்டார்கள். மகளிடம் சொல்வார், மகள் என்னிடம் சொல்வாள். மகள் வீட்டில் இல்லாத நேரம் முற்றத்துக் கோழிதான் எங்களுக்குத் தூது. "சோறு ஆறுது. சாப்பிடுற ஆக்கள் சாப்பிடலாம்" என்று கோழியைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார். கோழி நிற்கும், நான் எழும்பிப் போய்ச் சாப்பிடுவேன். கலியாணமாகி நாலு மாதம் இப்படித்தான் ஓடியது.

நான் கோல் காப்பாளன். பெண் எடுத்த ஊருக்கு விளையாடுவதுதான் இங்கே வழக்கம், கழகங்கள் மாப்பிள்ளை பார்க்கும்போதே காலையும் பார்க்கும் என்று பகிடியாகச் சொல்வார்கள். ஆனால் கலியாணப் பேச்சு வருவதற்கு முன்னமே, அந்த வருடச் சுற்றுப்போட்டியை என் பிறந்த ஊருக்கு விளையாடித் தருவதாகச் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை மாற்ற மனம் வரவில்லை. யார் கண்டது, இரண்டு ஊரும் இறுதிப்போட்டிக்கு வந்து நிற்கும் என்று. மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் மின்மானி வாசிக்கிற உத்தியோகத்தன், வீடு வீடாகப் போகிறவன். படலைக்குப் படலை, "மாப்பிள்ள, எந்தப் பக்கம்?" என்றே கேட்டார்கள். மாமி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. போட்டிக்கு முதல் நாள் மகளிடம், எனக்குக் கேட்கும்படியாக, "குடுத்த வாக்கு குடுத்ததுதான். விளையாடட்டும். நல்லா விளையாடட்டும். ஆனா தோக்கட்டும்" என்றார்.

இறுதிப்போட்டியன்று மாமி அம்மன் கோயிலுக்குப் போய், அம்மன் பாதத்தில் வைத்த ஒரு தேசிக்காயை வாங்கி வந்தார். நாணயம் சுண்டி, ஊர்க் கழகம் முதற்பாதியில் கடற்பக்கக் கோலைக் காப்பது என்று முடிவானதும், ஆயிரம் பேர் பார்க்க நடந்து போய், கோல் கம்பத்தடியில் ஒரு சாண் குழி தோண்டித் தேசிக்காயைத் தாட்டார். மைதானம் விசிலடித்தது. முதற்பாதியில் கோல் விழவில்லை. இடைவேளை வந்தது, பக்கம் மாறினோம். இப்போது தேசிக்காய் என் காலடியில். அக்கரையிலிருந்து வந்த என் ஊர் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மாமி மருமகனுக்கெல்லோ காவல் போட்டிட்டா" என்று ஒருவர் கத்த, அந்தக் கதை அன்றைக்கே பிறந்துவிட்டது.

உண்மை அதுவல்ல. அதைப் பல வருடம் கழித்து, அந்த இடத்தில் நானும் அவரோடு குந்தியிருந்து ஆட்டம் பார்த்தபோதுதான் கண்டுகொண்டேன். நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கினால் முதற்பாதி முழுக்கக் கடற்பக்கக் கோல் காப்பவனின் கண்ணுக்குள்தான் வெயில். உயரப் பந்து வந்தால் சூரியனா பந்தா என்று தெரியாது. இரண்டாம் பாதியில் வெயில் வாவிக்கரைத் தென்னைகளுக்குப் பின்னால் இறங்கிவிடும், கோலும் நிழலாகிவிடும். அம்மனின் உதவி தேவைப்பட்டது அந்த முதல் நாற்பத்தைந்து நிமிடத்துக்குத்தான். மாமி அதற்குத்தான் அங்கே தாட்டார். பக்கம் மாறும் என்பது தெரியாதவர் அல்ல அவர். எந்தப் பக்கத்துக்கு எந்த நேரம் காவல் வேண்டும் என்று அந்த மைதானத்தில் அவரைத் தவிர எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாம் பாதியின் நடுவில் என் பிறந்த ஊர் ஒரு கோல் போட்டது. அதன் பிறகு நீலச் சட்டைகள் என் பக்கமே நின்றன. நாலைந்து பந்தைத் தடுத்தேன். எனக்குப் பின்னால் மாமி குடையை மடக்கிவிட்டு எழுந்து நிற்பது தெரிந்தது. ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். நடுவிலிருந்து ஒரு பந்து எங்கள் பின்காப்பாளர்களைத் தாண்டி உருள, ஏழாம் இலக்கக்காரன் தனியே ஓடி வந்தான். அவனுக்கும் எனக்கும் இடையில் யாருமில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் கோட்டிலேயே நின்றுவிட்டேன். கால் வராமலில்லை, மனம் வரவில்லை. இந்தப் பந்து உள்ளே போனால் ஆட்டம் சமநிலை, மனைவி தூக்கி வைத்த முகம் இறங்கும், படலைகளில் எனக்கு மரியாதை இருக்கும், இனி வாழப்போகிற ஊரில் பகை இல்லை. இவ்வளவும் ஒரு கணத்தில் வந்து போனது. போகட்டும் என்றுதான் நின்றேன். அப்போது முதுகுக்குப் பின்னால், வலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

"ஏறி வாங்க மருமகன். நிக்காதீங்க, ஏறி வாங்க."

கால் தானாகக் கிளம்பியது. முன்னே ஓடி, அவன் உதைக்கத் தூக்கிய காலடியில் விழுந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். விசில் ஊதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கலியாணமாகி நாலு மாதத்தில் மாமி என்னோடு நேரே பேசிய முதற்பேச்சு அதுதான். தன் கழகம் ஆட்டத்தைச் சமப்படுத்தப்போன நேரத்தில், எதிர்க் கழகத்துக் கோல் காப்பாளனுக்குச் சொன்ன பேச்சு. மேளமும் சீனவெடியுமாகக் கிடந்த சத்தத்தில் வேறு எவருக்கும் அது கேட்டிருக்காது. திரும்பிப் பார்த்தேன். மாமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

பொழுது படும் நேரம் வீட்டுக்குப் போனேன். கிண்ணத்தை என் ஊர் ஆட்கள் அக்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மனைவி அறைக்குள். நான் முற்றத்து வாங்குப் பலகையில் குந்தியிருந்தேன். மாமி அடுப்படியிலிருந்து ஒரு கிளாஸ் தேசிக்காய்த் தண்ணியோடு வந்து, கோழியைப் பார்க்காமல், என்னைப் பார்த்து நீட்டினார். உப்பும் சீனியும் போட்டது. வாயில் வைத்தபோது பல்லில் ஒரு மணல் நெறுநெறுத்தது. கம்பத்தடியில் தாட்டதைக் கிண்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அம்மன் காய், வீணாகப் போகக்கூடாது என்று நினைத்திருப்பார்.

"வெளியில பறைஞ்சிராதீங்க மருமகன்."

"என்னத்த மாமி?"

"நான் கத்தினத. தெரிஞ்சா இனிச் சட்ட மூட்ட நம்மட வளவுக்குள்ள வராது."

எனக்குப் பெரிய பாவம் செய்துவிட்டதுபோல் இருந்தது. "ஆரிட்டயும் சொல்லமாட்டன். நீங்க கத்தினது எனக்கே கேக்கல்ல மாமி" என்றேன்.

மாமி கிளாஸை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கேக்காட்டி ஏன் ஏறி வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார்.

அடுத்த வருடம் முதல் நான் நீலச் சட்டை போட்டேன். என் சட்டையும் அந்த மூட்டைக்குள் வந்தது. "ஒண்டாம் நம்பர்ல ஊத்த கூட. விழுந்து புரளுறாரு, நல்லம்" என்று மகளிடம் சொல்வார். வீட்டுக்குள் பழையபடி கோழிதான் தூது. கடற்பக்கக் கோலில் நான் நிற்கும் நேரம் மட்டும், வலைக்குப் பின்னாலிருந்து நேரே ஏச்சும் புத்தியும் வரும். தேசிக்காய்க் கதை இதற்குள் ஊரெல்லாம் பரவி, மின்மானி பார்க்கப் போகும் வீடுகளில் என்னிடமே அதைச் சொல்லிச் சிரித்தார்கள். மாமியின் முகத்துக்கு நேரேயும் சொன்னார்கள். "ஓம், நமக்கு என்ன தெரியும்" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். வெயில் கணக்கைச் சொல்லி ஒரே நாளில் அவர்கள் வாயை அடைத்திருக்கலாம். சொல்லவில்லை. ஊர் தேசிக்காயைப் பற்றிக் கதைக்கும்வரை, ஆட்டத்தின் கடைசி நிமிடத்தைப் பற்றி யாரும் கதைக்கமாட்டார்கள் என்று எண்ணினாரோ என்னவோ. அன்று ஏன் கத்தினார் என்று மைதானத்தில் வைத்து ஒரேயொரு முறை கேட்டேன். "கீப்பர் கோட்டில நின்டா எனக்கு வயிறு எரியும். ஆரெண்டு பாக்கிறதில்ல" என்றார். அப்படியானால் 'மருமகன்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

போன வருடம் மாரி தொடங்கிய கையோடு மாமி போய்ச் சேர்ந்தார். இப்போது சட்டைகள் பளபளக்கும் துணி, முதுகில் வெளிநாடு போன ஊர்ப் பிள்ளைகளின் கடைப் பெயர்கள். மூட்டை இன்னும் எங்கள் வளவுக்குத்தான் வருகிறது. மனைவி இயந்திரத்தில் போடுகிறாள். போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நான் விரித்துப் பார்க்கிறேன். மாமி அளவுக்கு எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் நேற்று ஏழாம் இலக்கத்தைப் பார்த்தேன். இந்தப் பொடியன் பரவாயில்லை, வேர்த்திருக்கிறான்.

மூட்டை வராமல் போய்விடும் என்றுதான் மாமி பயந்தார். இனி அந்தப் பயம் தேவையில்லை. அதனால்தான் வாக்கை மீறி எழுதுகிறேன். ஊரார் வேண்டுமானால் அவரைக் கழகத்துக்குத் துரோகம் செய்தவர் என்று சொல்லட்டும். ஆட்டம் விளங்காதவர் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

மேசையிலிருந்த தேசிக்காயைச் சற்று முன்தான் வெட்டிப் பிழிந்தேன். மூன்று நாளில் தோல் கொஞ்சம் வாடியிருந்தாலும் தண்ணி இருந்தது. உப்பும் சீனியும் போட்டு முற்றத்து வாங்கில் இருந்து குடித்தேன். பல்லில் மணல் படவில்லை. கோழி ஒன்று வந்து காலடியில் நின்றது. அன்று கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, கேக்கல்ல என்று சொன்ன பொய்யை இனியும் வைத்திருக்க மனமில்லாமல், அந்தக் கோழியைப் பார்த்தே சொன்னேன்.

"கேட்டது மாமி. நல்லாக் கேட்டது."