நாலு விரல் துணி

எங்கள் பட்டாளக் கம்பெனி மதுரையிலிருந்து தெற்கே நடந்து போனபோது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே மூன்று நாள் கூடாரம் போட்டோம். அது என் சொந்த ஊர். பட்டாளத்தில் சேர்ந்து ஆறு வருஷம் கழித்து சிப்பாயாக ஊர் மண்ணை மிதித்த பெருமை ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. மறுநாள் காலை வெயிலுக்கென்று புதுக் கால்சட்டை கொடுத்தார்கள். பழையது கணுக்கால் வரை இருக்கும். புதியது முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

எங்கள் மார்க்கத்தில் ஆண்பிள்ளை தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைத்திருக்க வேண்டும். கம்பெனியில் முஸ்லிம்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக்கொண்டார்கள். நான் பழையதோடு அணிவகுப்பில் போய் நின்றேன்.

அவில்தார் ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.

"ஏலே, உனக்கு மட்டும் தனிச் சட்டமா? போய் மாத்திட்டு வா."

"முட்டு தெரிய நிக்க மாட்டேன் அய்யா."

காவல் கூடாரத்தில் உட்கார வைத்தார்கள். மத்தியானம் அவில்தாரே வந்தார்.

"மன்னிப்புக் கேட்டுரு. இல்லாட்டி துரை உன்னை ஊருக்கு அனுப்பிருவாரு."

"ஊரு இந்தா கூப்பிடு தூரத்துலதான இருக்கு, அனுப்பட்டும். உங்க நெத்தி நாமத்தை அழிக்கச் சொன்னா அழிப்பீகளா?"

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னை வெள்ளைக்காரக் கேப்டன் துரையிடம் கூட்டிப் போனார். துரை இங்கிலீஷில் கேட்டதை அவில்தார் தமிழில் சொன்னார்:

"உனக்கு என்ன வேணும்னு கேக்காரு."

"கீழ ஒட்டுப் போட நாலு விரல் துணி. முழு நீளமும் வேண்டாம்."

சாயங்கால அணிவகுப்புக்குள் தைத்து வரவேண்டும். அதைப் போட்டு ஓடி, மண்டியிட்டுச் சுட்டுக் காட்ட வேண்டும். தடுக்கினால் பட்டாளத்தை விட்டுப் போய்விட வேண்டும். துரையின் தீர்ப்பு அதுதான். ஒரு காவலாளோடு டவுனுக்குள் என் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கம்பக்கத்துக்குச் சட்டை தைத்துக் கொடுத்துப் பிழைப்பவள் அவள். புதியதோடு சேர்த்துத் தைக்க என் பழைய கால்சட்டையின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்தாள்.

"எம்புட்டு நீளம்?"

"நாலு விரல்."

"நின்னா நாலு போதும். மண்டி போட்டா மேல ஏறிக்கும். ஆறு வைக்கேன்."

"துரைகிட்ட நாலுன்னு சொல்லிட்டேன் அக்கா."

"அவிய விரலு தடியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஊசியைக் கோத்தாள்.

சாயங்காலம் கூடார மைதானத்தில் மூன்று முறை ஓடினேன். மண்டியிட்டுச் சுட்டேன், எழுந்தேன், மறுபடி மண்டியிட்டுச் சுட்டேன். முட்டு மூடியே இருந்தது. புதுக் காக்கிக்குக் கீழே வெளுத்த பழைய காக்கி வேறு நிறமாகத் தெரிந்தது. துரை குனிந்து தையலை இழுத்துப் பார்த்தார். விரல் வைத்து அளக்கவில்லை. ஏதோ சொல்லிவிட்டு நடந்தார்.

"பாக்க நல்லால்லையாம். தடுக்கலையாம். வேணுங்கறவன் தச்சுக்கலாமாம்" என்றார் அவில்தார்.

கூடாரத்தைப் பிரித்து ராஜபாளையம் கடைத்தெரு வழியாக நடந்தபோது எங்கள் ஒன்பது பேரில் ஆறு பேர் இரண்டு நிறக் கால்சட்டை போட்டிருந்தோம். மற்ற மூவர் கொடுத்ததையே போட்டு வந்தார்கள். அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை.

என்னோடு சேர்ந்தவர்களைவிட இரண்டு வருஷம் பிந்தித்தான் எனக்கு நாயக் பதவிக்கான கைப்பட்டை கிடைத்தது. காரணம் இதுதானா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.