எலும்புக் கத்திக்குப் பதினைந்து டிகிரி

போன ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குள் ஒரு காந்தத்தை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மனைவி சாந்தி டார்ச் லைட் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் தர்ஷினி நிமிடத்துக்கொரு முறை ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள்.

எங்களுக்குப் பைத்தியம் ஒன்றும் பிடித்துவிடவில்லை. காரணம் இருக்கிறது.

எல்லாம் ஆன்லைனில் வாங்கிய ஒரு மெஷினால் வந்தது. கத்தி தீட்டும் மின்சார மெஷின். மேலே மூன்று இடுக்குகள் – பதினைந்து டிகிரி, இருபது டிகிரி, இருபத்தைந்து டிகிரி. சுவிட்சைத் தட்டி, கத்தியை இடுக்கில் வைத்து, மெதுவாக நம் பக்கம் இழுக்க வேண்டும். கோணம் குறையக் குறைய விளிம்பு மெலியும், கூர் ஏறும். கூடவே ஒரு புத்தகம் வந்தது. எந்தக் கத்திக்கு எந்தக் கோணம் என்று அதில் பட்டியல் போட்டிருந்தார்களாம். 'போட்டிருந்தார்களாம்' என்று ஏன் சொல்கிறேன்? நான் படிக்கவில்லை.

பதினைந்துதான் அதிகக் கூர் என்றால் மற்ற இரண்டும் எதற்கு? நான் அப்படித்தான் யோசித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருந்த அத்தனை கத்தியையும் பதினைந்தில் இழுத்தேன். காய்கறிக் கத்தி, மீன் கத்தி, எலும்பு வெட்டும் பெரிய கத்தி... வெண்ணெய் தடவும் கத்தியைக்கூட விடவில்லை.

"ஏங்க, எலும்புக் கத்திக்கு அவ்ளோ மெல்லிசா வேணாம்லா. கூராத்தான் இருக்கும். எலும்புல ஓங்கி அடிச்சா பேந்துரும்."

இதைச் சொன்ன சாந்தி, சேனாய் ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் இரும்பு வெட்டும் பிரிவில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவள். நான் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன். இதில் யார் பேச்சை யார் கேட்டிருக்க வேண்டும்? நான் எலும்புக் கத்தியால் என் முன்கை முடியைச் சிரைத்துக் காட்டினேன்.

மறுநாள்தான் தர்ஷினிக்குக் கல்யாணத் தேதி குறிக்க, கோத்தா திங்கியிலிருந்து சம்பந்தியும் அவர் மனைவியும் வருவதாக இருந்தது. எங்கள் கூலாய் வீட்டில் அவர்களுக்கு முதல் சாப்பாடு. மூன்று கிலோ ஆட்டிறைச்சி, எலும்போடு. சாந்தி காலையிலேயே வெட்டி, வதக்கி, பிரட்டி இறக்கிவிட்டாள். பிறகுதான் கத்தியைக் கழுவினாள்.

"ஏங்க... இங்க வாங்க."

கத்தியின் விளிம்பில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம். அந்தத் துண்டு எங்கே? வெட்டுப் பலகையில் இல்லை. தொட்டியில் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே இடம்தான். மூன்று பேரும் பானையைப் பார்த்தோம்.

கார் சாமான் பெட்டியில், கீழே விழுந்த ஸ்குரூவை எடுக்க ஒரு காந்தக் கம்பி வைத்திருந்தேன். ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

"அப்பா! அது கார் எஞ்சினுக்குள்ள விட்டதுதானே?"

"கழுவிட்டேன்மா. பிளாஸ்டிக் பை வேற சுத்தியிருக்கேன்."

கால் மணி நேரம் துழாவியதில் துண்டு கிடைத்தது! வெற்றி வீரனைப் போல் தூக்கிக் காட்டினேன். தர்ஷினி அதை வாங்கிக் கழுவி, கத்தியின் பள்ளத்தில் பொருத்திப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது – ஒரு ஓரத்தைத் தவிர. அரிசி நொய் அளவுக்கு இன்னும் ஒரு இடைவெளி.

மறுபடி துழாவினேன். இல்லை.

"அவ்ளோ சின்னது... யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"சம்பந்தி தொண்டையில குத்தினா அவருக்குத் தெரியும்" என்றாள் சாந்தி.

அத்தோடு பேச்சு முடிந்தது. மூன்று கிலோவும் குப்பைப் பைக்குள் போனது. பையைக் கட்டி வெளித் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். சாந்தி அழவில்லை, திட்டவும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அலமாரியில் இருந்த டின் சார்டின் மீனை எடுத்துக் காரச் சம்பல் வைத்தாள். முட்டை பொரித்தாள். பதினைந்து டிகிரி காய்கறிக் கத்தியில் தக்காளி கண்ணாடித் தாள் மாதிரி விழுந்தது. "பாத்தியா, இதுக்கு நல்லா வேலை செய்யுது" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையில் கத்தி இருந்ததால் மூடிக்கொண்டேன்.

ஒரு மணிக்குச் சம்பந்திகள் வந்தார்கள். சம்பந்தி வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார்.

"ஆகா! ஆட்டுக்கறி வாசம் ஆளத் தூக்குதே!"

இறைச்சி போனாலும் வாசம் போகவில்லையே! வீடு முழுக்க ஏலக்காயும் பட்டையும் மணக்கிறது. மேசையில் டின் சார்டின். சம்பந்தி ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார். பிறகு, மரியாதையாக, சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"சொல்லிடுங்கப்பா" என்று தர்ஷினி என் காதைக் கடித்தாள்.

சொன்னேன். மெஷின், பதினைந்து டிகிரி, காந்தம் – எல்லாவற்றையும். சம்பந்தி சார்டினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போச்சு, தேதி குறித்த மாதிரிதான் என்று நினைத்தேன். சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து கிட்டப் போனால்... சிரிப்பு!

"அட, அலமாக்! இதாவது ஒரு பானையோட போச்சு சம்பந்தி. எங்க வீட்டுல இவரு டிரில் மெஷின் வாங்கினாரு. சாமி படம் மாட்டுறேன்னு சுவத்துல இருந்த தண்ணி பைப்புல ஓட்ட போட்டாரு. ரெண்டு நாளு வீட்டுக்குள்ள வெள்ளம்!"

சம்பந்தி கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பெண்கள் இருவரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். சார்டின் சம்பல் ஒரு துளி மிச்சமில்லாமல் தீர்ந்தது. தேதியும் குறித்தாகிவிட்டது.

இரண்டு வீட்டார் மனம் ஒத்துப்போக, நம் பெருமையைக் காட்டித்தான் ஆக வேண்டுமா என்ன? அசட்டுத்தனத்தைக் காட்டினால் இன்னும் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள்.

கிளம்பும்போது சம்பந்தி என்னைக் கார் பக்கம் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, "அந்த மெஷினோட லிங்க் அனுப்புங்க லா" என்றார். அனுப்பினேன்.

நேற்று அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். பளபளக்கும் புது மெஷின். பக்கத்தில் பெரிய எலும்புக் கத்தி. கீழே: 'எந்த ஓட்டையில் விட வேண்டும்?'

இருபத்தைந்து என்று நான் தட்டி முடிப்பதற்குள், சம்பந்தியம்மாவிடமிருந்து சாந்திக்குப் போன் வந்துவிட்டது.