எண் மட்டும் ஒட்டிய பாட்டில்

எதிர்வீட்டு ஆசிரியர் வீட்டுக்குத்தான் போன் வந்தது. "பெரியம்மா, உங்க மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல மயக்கம் வந்துடுச்சாம்" என்று ஆசிரியரின் மனைவி வந்து சொன்னார். மீதியை அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உள்ளே வந்து அடுப்பிலிருந்த பாலை இறக்கினேன். ஆறியதும் உறை ஊற்றினேன். அதன்பிறகுதான் என் மகள் கஸ்தூரியைக் கூப்பிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

என் மருமகன் சபாபதி துறைமுகத்தில் சுங்க இலாகாவின் சோதனைக்கூடத்தில் கெமிஸ்டாக இருந்தார். பதினாறாம் நாள் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று பேத்திகள் சொன்னார்கள். நான் அஞ்சாவது வரை படித்தவள். தெரிந்ததை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பெண் பார்க்க வந்தார். "என்ன வேலைங்க தம்பி?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கப்பல்ல வர்ற கெமிக்கல் என்னன்னு பாத்துச் சொல்றதுங்க."

"டிரம் மேலயே பேர் எழுதியிருக்குமே?"

"எழுதியிருக்குங்க. உள்ள அதுதான் இருக்கான்னு பாக்கணும்."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "இவருகிட்ட ஜாதகம் காட்டறப்ப ஜாக்கிரதை" என்றார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு, நான் தனியாக இருக்கக் கூடாது என்று கஸ்தூரியையும் பிள்ளைகளையும் மாப்பிள்ளை என்னிடம் திருவண்ணாமலைக்கே அனுப்பிவிட்டார். அவர் மட்டும் துறைமுகத்துப் பக்கம் ஒரு அறையில் தங்கிக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறி வருவார். "கஸ்டம்ஸ் மாப்பிள்ளை இருந்தும் அத்தைக்கு ஒரு ஃபாரின் டார்ச் லைட்கூட வரலியே" என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். "வரி கட்டித்தாங்க வாங்கணும், ஜாஸ்தி ஆகும்" என்று அவர் பதில் சொல்வார். எனக்கு அதில் பெருமைதான்.

பையில் எப்போதும் தடிமனான வரிப் புத்தகம் ஒன்று இருக்கும். அதில் எனக்குப் படிக்க வந்தது எண்கள் மட்டும். அவர் அதிகம் புரட்டியது இருபத்தொன்பதாம் அத்தியாயம். தனி ஒரு ரசாயனமாக இருந்தால் அதில் சேருமாம். ஒரு வேலைக்கென்று இரண்டைக் கலந்திருந்தால் வேறு அத்தியாயத்துக்குப் போய்விடும், வரியும் கூடிவிடும். சோதனைக்கு வரும் பாட்டிலில் எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும். சரக்கு யாருடையது என்று சோதிப்பவருக்குத் தெரியக் கூடாது. அதுதான் அவர்களுடைய முறை.

என் தம்பி தண்டபாணிக்குக் கீழ்பென்னாத்தூர். தோல் பதனிடும் இடங்களுக்குக் கெமிக்கல் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கையிலிருந்ததையெல்லாம் போட்டு, முதல்முறையாக நேரடியாக வெளிநாட்டுச் சரக்கு வரவழைத்தான். வரி கூடுதலாகக் கேட்டதால் டிரம்கள் துறைமுகத்திலேயே நின்றுவிட்டன. சோதனை முடிவு எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, கெட்டுப்போகாம இருக்க கம்பெனிக்காரன் கொஞ்சம் மருந்து போட்டிருக்கான். அதப் போயி கலவைன்னு எழுதிட்டாங்க. கீழ யாரு கையெழுத்து தெரியுமா? உன் மாப்ளதான்."

அந்தச் சனிக்கிழமை அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் கேட்டேன். சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்தார். கை அப்படியே இலையில் நின்றது.

"மாமாவோடதுன்னு எனக்குத் தெரியாதுங்க அத்தை" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கற்பூர டப்பால ரெண்டு மிளகு போட்டு வெக்கறீங்க இல்ல, கரையாம இருக்கறதுக்கு? அதனால அது கற்பூரம் இல்லன்னு ஆயிடாது. அதையே தைலத்துக்குன்னு சேத்தா வேற சாமான். ரெண்டு இருக்குதுன்னு பாட்டில் சொல்லும். எதுக்குன்னு சொல்லாது. அத நான் கேட்டுட்டு எழுதியிருக்கணும். கேக்கல. தப்பு என்னுதுதான்."

"அப்ப மாத்தி எழுதிடுங்களேன்" என்றேன்.

"இப்ப நான் எழுதக் கூடாதுங்க. யாருதுன்னு தெரிஞ்சுபோச்சே."

தண்டபாணி ஆபீசுக்கு மனுப் போட்டிருந்தால், அந்தப் பாட்டில் வேறொரு எண்ணோடு திரும்ப மாப்பிள்ளை மேசைக்கே போயிருக்கும். மனுவைப் பார்த்து, மருந்து எதற்கென்று அவரே விசாரித்துத் திருத்தியிருப்பார். நான் வாயைத் திறந்ததால் அந்த வழி அடைபட்டது.

திங்கட்கிழமை, தன் தவறையும் உறவையும் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தார். சோதனை வேறொருவர் கைக்குப் போனது. கம்பெனியிலிருந்து கடிதம் வந்து, இருபத்தொன்பதாம் அத்தியாயம்தான் என்று முடிவாக மாதங்கள் ஆயின. அதற்குள் தோல்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். சரக்கும் வீணானது. தண்டபாணி தொழிலை விட்டான். ஒரு கையெழுத்துக்கு மனசு வராத மனுஷன் என்று ஊரெல்லாம் சொன்னான். ஆபீசில் சிலர், சொந்தக்காரனுக்காகப் பல்டி அடித்தவர் என்றார்களாம். இதை அவர் கஸ்தூரியிடம் மட்டும் சொன்னார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆறு வருஷம் தண்டபாணி எங்கள் வாசல்படி ஏறவில்லை.

மாப்பிள்ளையின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு மகன் இல்லை. புருஷனை இழந்த கஸ்தூரிக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போட வேண்டியவன் தாய்மாமன் தண்டபாணிதான். அவன் வருவானா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, எல்லோரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகல் பஸ்ஸில் வந்தான், கையில் புடவைப் பொட்டலத்தோடு.

"உள்ள வரலாமாக்கா?"

நான் நகர்ந்து வழிவிட்டேன். கோடியைப் போட்டான். பிறகு மாப்பிள்ளையின் தலைமாட்டில் போய் நின்று, "ஒரே ஒரு கையெழுத்துதான மாப்ள" என்றான். அப்போதும் அதையேதான் சொன்னான்.

"போட்டிருப்பாருடா" என்றேன். "பாட்டில் யாருதுன்னு தெரியாம இருந்திருந்தா அவரே போட்டிருப்பாரு. நான் சொல்லித்தான் அவருக்குத் தெரிஞ்சுது. அவரு கையக் கட்டினது நானு."

ஆறு வருஷத்தில் இதை நான் அவனிடம் சொன்னதில்லை. பழி அவர் மேலேயே இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அவரும் சொல்லவில்லை. தண்டபாணி தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாடையின் முன்பக்கம் போனான்.

பாடை தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். தண்டபாணி தோள் மாற்றிக்கொள்ளவே இல்லை.

மாப்பிள்ளை, உங்களை அறிந்தவர்களும் அறியாதவர்களும் படிக்கிற இடத்தில் இதை எழுதிவிட்டேன். கீழே என் கையெழுத்தையும் போட்டிருக்கிறேன். போய் வாருங்கள்.