கிருமி செத்த பிறகு

அக்கா பழனிசெட்டிபட்டியில் தையல் கடை வைத்திருக்கிறாள். காதுமடல்கள் தடித்து, இஸ்திரிப் பெட்டி கையில் சுட்டதுகூடத் தெரியாமல் போனபோதுதான் அவளுக்குத் தொழுநோய் என்று தெரிந்தது. ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டாள். மருந்தால் தோல் கறுத்துப் போனது. கேட்டவர்களிடம் வெயிலில் அலைந்ததாகச் சொல்லிச் சமாளித்தாள். தேனி ஆஸ்பத்திரியில் இனி மருந்து வேண்டாம் என்று சொன்ன அன்று எனக்கு போன் செய்து வெகுநேரம் சிரித்துப் பேசினாள்.

மழைக்காலம் தொடங்கியதும் காய்ச்சல் வந்தது. கை கால்களில் சிவந்த முடிச்சுகள். தொட்டாலே துடித்தாள். வலது முழங்கை நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. நான் மதுரையிலிருந்து பஸ் ஏறிப் போனபோது, வெட்டிய ஜாக்கெட் துணிகளுக்கு நடுவே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சிருச்சுன்னு சொன்னாக. பெறகு எதுக்கு இது?" என்றாள்.

அவளுக்கு நோய் வருவதற்கு முன்பிருந்தே என் வேலை அந்தக் கிருமியோடுதான். அதன் மேலுறையில் சர்க்கரையும் கொழுப்பும் பிணைந்த பொருள்கள் உண்டு. நம் இரத்தம் அவற்றை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது என்று ஓர் ஆய்வகத்தில் சோதிக்கிறேன். தட்டில் நிறம் ஏறினால் இரத்தம் கண்டுகொண்டது என்று அர்த்தம். அங்கே அது நல்ல செய்தி.

"கிருமி செத்துருச்சுக்கா. அதோட மேல்தோல் மெழுகு மாதிரி, லேசுல கரையாது. ஒடம்பு அந்தத் துணுக்கையெல்லாம் எதிரின்னு நெனச்சு இன்னும் சண்ட போடுது. அந்தச் சண்டைலதான் நரம்பும் வீங்குது."

அவள் வளையத் தொடங்கியிருந்த தன் மோதிர விரலையும் சுண்டுவிரலையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப என் கைய மொடக்குறது என் ஒடம்புதானா?"

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் நரம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, இது மருந்து முடிந்த பிறகும் வரக்கூடியதுதான் என்றார். இன்னும் தாமதித்திருந்தால் கை மடங்கியே போயிருக்கும் என்று சொல்லி ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார்.

முடிச்சுகள் அமுங்கின. அந்த மாத்திரையால் முகம் உப்பியது. தெருவில் சிலர் அவள் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் மாத்திரையின் அளவைக் குறைத்ததும் காய்ச்சலும் முடிச்சுகளும் திரும்பின. மறுபடி கூட்டினார்கள். இப்படியே போகிறது. மோதிர விரல் ஓரளவு நிமிர்ந்துவிட்டது. சுண்டுவிரல் இன்னும் வளைந்தே இருக்கிறது. கத்தரி பிடித்து நேராக வெட்ட வருவதில்லை.

ஒருநாள், அந்த மெழுகு எப்போது கரையும் என்று கேட்டாள். வருடக்கணக்கில் தங்கலாம் என்று எனக்குத் தெரியும். "கொஞ்சங்கொஞ்சமா கொறஞ்சிரும்க்கா" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. இந்தத் தீபாவளிக்குத் தைக்க ஜாக்கெட் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. வந்தவர்களை எதிர்க் கடைக்கு அனுப்பிவிட்டு, சேலைக்கு ஓரம் அடிப்பதை மட்டும் வைத்துக்கொண்டாள்.