மூக்கன் வீட்டுக் கொச்சிக்காய்

ராகலை மூக்கனுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், தேயிலை மலையில் உரம் போட்டே முதுகு காய்த்தவர், இன்றைக்குப் போஞ்சி, கத்தரி விற்கும் சொந்த மரக்கறிக் கடையும் கல்வீடுமாக நிமிர்ந்து நிற்கிறார். "மண்ணுக்கும் எனக்கும் நேர்ப்பேச்சு. நடுவுல ஆள் கெடையாது" என்பார்.

அப்படிப்பட்டவரிடம் அக்கரப்பத்தனைச் சம்பந்தி செல்லசாமி வாயை விட்டார்.

"இந்தக் குளிருல கொச்சிக்கா காய்க்கும் சம்பந்தி, உறைக்காது."

"தீவாளிக்கு வாங்க. எங்க வீட்டுக் காயைக் கடிச்சிட்டு நீங்க அழலைன்னா நான் மூக்கன் இல்ல."

அன்றிலிருந்து பின்வாசல் மிளகாய்ச் செடிகளுக்கு ராஜ உபசாரம். தேயிலைக்குப் போடுகிற உரம் கை நிறைய. மழை பெய்தாலும் காலையும் மாலையும் தண்ணீர். செடிகள் இடுப்புயரம் கறுகறுவென்று வளர்ந்தன. கொழுந்தை முற்றவிடக் கூடாது என்பது மலை கற்றுக்கொடுத்த பாடம். காயையும் வாரம் தவறாமல் இளசாகவே கிள்ளினார். ஒன்றைக்கூடக் கடித்துப் பார்க்கவில்லை. தன் கை வளர்த்ததைத் தானே சந்தேகப்படுவதா?

தீபாவளியன்று செல்லசாமி ஒரு காயைக் கடித்தார். மென்றார். இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

"நல்ல போஞ்சி, சம்பந்தி."

வீடே சிரித்தது. மனைவி நாகலெட்சுமியின் சிரிப்புதான் பெரிசு.

சம்பந்தி பஸ் ஏறியதும் மூக்கன் சீறினார். "ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"குழம்புக்கு ரெண்டு போடுற எடத்துல எட்டு கிள்ளிப் போடுறேன். சொன்னா கேக்குற ஆளா நீங்க? தேயிலைக்கு எலை வேணும், ஊட்டி வளத்தீங்க. இதுக்குக் காரம்ல வேணும்! வயிறு ரொம்புனவனுக்குக் கோவம் எங்கேருந்து வரும்?"

மறுநாளே மூக்கன் உரத்தை நிறுத்தினார். தை பிறந்து வெயில் வந்ததும், செடிகளுக்கு நிழல் போட்ட கொய்யாக் கிளையை வெட்டினார். இலை துவண்டால்தான் தண்ணீர். கிள்ளத் துறுதுறுத்த விரல்களை மடக்கிக்கொண்டு, காய் சிவக்கும்வரை காத்திருந்தார்.

சித்திரை வருஷப்பிறப்புக்கு வந்த செல்லசாமி சிவந்த காய் ஒன்றை அலட்சியமாகக் கடித்தார். காது சிவந்தது. கண்ணில் பொலபொலவென்று நீர்.

"அழுறீங்களா சம்பந்தி?"

"இல்ல... கண்ணு வேர்க்குது. சீனி எங்க, சீனி!"

மூக்கனும் ஒன்றைக் கடித்துவிட்டு, அழுதபடியே சிரித்தார்.

மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "கொச்சிக்காச் செடிக்குக் கோவமூட்டுற வித்தை இந்த ராகலையில எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார். சோறு கொண்டுவந்த நாகலெட்சுமி மறுக்கவில்லை. குழம்புக்கு இப்போது இரண்டே காய் போதும். அவளுக்கு அது போதும்.