ஒன்றிலிருந்து ஐந்துவரை

எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பாள் பிரிஜெட். முதலில் வாடிக்கையாளர் எழுதியதை உதடசைத்துப் படிப்பாள்: கொண்டுவந்தவர் தங்கமான மனிதர், முட்டை ஒன்றுகூட உடையவில்லை. பிறகுதான் பக்கத்திலிருக்கும் மதிப்பெண். 1.

"போச்சு, இன்னொண்ணு."

இணையத்தில் மளிகை விற்கும் கம்பெனி. ரெசிடென்சி ரோட்டில் இரண்டாவது மாடி. ஆண்டு இரண்டாயிரம். பொருள் வந்து சேர்ந்ததும் வாடிக்கையாளர்கள் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை அமுக்க வேண்டும். கம்பெனிக்கு ஐந்துதான் உயர்வு. படிவத்தில் அது எழுதப்படவில்லை. மாதச் சராசரி இரண்டுக்குக் கீழே போனால், கொண்டுபோய்க் கொடுத்தவருக்கு வேலை இல்லை. எழுதியதை யாரும் படிப்பதில்லை. பிரிஜெட்டின் வேலைகூட அதிலுள்ள கெட்ட வார்த்தைகளை நீக்குவது மட்டும்தான். நீக்கியவற்றில் நல்லதாக நாலைந்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, மாலையில் லிங்கராஜபுரம் பஸ்ஸில் இடிப்பவர்களுக்கு வழங்குவாள்.

மேனேஜர் ராம்கியிடம் மூன்று முறை போனாள். "படிவத்துல ஒண்ணுக்குப் பக்கத்துல மோசம், அஞ்சுக்குப் பக்கத்துல பிரமாதம்னு போடுங்க சார். ரெண்டே வார்த்தை."

"படிச்சவங்கம்மா அவங்க. ஒண்ணை யாராவது நல்லதும்பாங்களா?"

"போன வாரம் உங்க பொண்ணு ஃபர்ஸ்ட் ரேங்க்னு மைசூர்பாக் குடுத்தீங்களே. அஞ்சாவது ரேங்க் வந்திருந்தா ரெண்டு கிலோவா குடுத்திருப்பீங்க?"

ராம்கி சிரித்தார். "பாயிண்ட்தான். அடுத்த வெர்ஷன்ல பார்க்கலாம்."

இரண்டுக்குக் கீழே போனவர்களின் அந்த மாதப் பட்டியலில் சில்வெஸ்டரின் பெயர் வந்தது. நாற்பது வயது. அரிசி மூட்டையைக் கிழவிகளின் சமையலறைவரை கொண்டுபோய் வைப்பவன். அடையாள அட்டையோடு வரச் சொல்லியிருந்தார்கள், எதற்கென்று சொல்லவில்லை. சொல்லும் வேலையை ராம்கி பிரிஜெட்டிடம் விட்டுவிட்டு மீட்டிங்குக்குப் போயிருந்தார்.

சில்வெஸ்டர் அவள் மேஜைமேல் இருந்த தாளை எட்டிப் பார்த்தான். ஆங்கிலத்தில் தன் பெயரும் எண்களும் மட்டுமே படிப்பான்.

"இன்னாக்கா இது, அல்லாம் ஒண்ணு ஒண்ணா போட்டுகீறாங்க! சூப்பர்வைசர் ஆக்கப் போறாங்களா?"

பிரிஜெட் அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒரு ஜெராக்ஸ் குடுக்கா. ஊட்ல காட்டணும். எம் பொஞ்சாதி நம்பவே மாட்டா."

அவள் எழுந்து இயந்திரத்துக்குப் போனாள். தாளின் கடைசி வரியில் வேலைநீக்கம் என்று இருந்தது. அந்த வரியைப் பின்பக்கமாக மடித்து, நகத்தால் நீவி, தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்தாள்.